பாத்திரமேற்பு விளையாட்டில் சாகச ஏடு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடுவது தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். பாம்பும் ஏணியும் தீட்டப்பெற்ற அப்படத்தில் ஆடுபவர் செல்ல வேண்டிய வழி முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. தாயக்கட்டை காட்டும் எண் அவரை ஏற்றும், அல்லது இறக்கும். ஆனால், ‘இந்தப் பாம்போடு பேசிப் பார்க்கிறேன்’ என்றோ, ‘இந்த ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்’ என்றோ ஆடுபவர் சொல்ல இயலாது. சொன்னால் சுற்றியிருப்போர் நகைப்பர்.

அவ்வாறு சொல்வதற்கு இடந்தரும் விளையாட்டொன்று 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சேறியது. அதுவே பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்பர். ஒருவர் மட்டும் ஆட்ட நடுவராக இருந்து, அம்மாந்தர் கண்முன் உள்ள காட்சியை விரித்துரைப்பார். அதைக் கேட்டவர்கள் தாம் செய்யவிருப்பதை வாயால் சொல்வர். முடிவு ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டித் தெளிவர். மதில் ஏறலாம், காவலனுக்குக் கையூட்டுத் தரலாம், வந்த வழியே திரும்பியும் விடலாம்.

இவ்விளையாட்டு ஒரு புதிய எழுத்து வகையைப் பிறப்பித்தது. நடுவர் பயன்படுத்துவதற்கென முன்னரே எழுதி அச்சிடப்பெற்ற நிகழ்களத் தொகுப்பே அது. அதனை ஈண்டுச் சாகச ஏடு எனலாம். நாடக ஆசிரியன் தன் மாந்தர் பேசுவதை எழுதுகிறான். சாகச ஏட்டின் ஆசிரியனோ, தலைமை மாந்தர் யார், அவர் என்ன பேசுவார், எத்திசையில் நடப்பார் என்பவற்றை அறியாமலே நாடகம் அமைக்கிறான். பிறருடைய உரிமையைப் பறிக்காமல் பிறருக்காகத் திட்டமிடுவது எவ்வாறு? அரை நூற்றாண்டுக் காலத்தில் இவ்வேடுகளின் அமைப்பில் தோன்றிய புதுமைகள் பெரும்பாலும் இந்த ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளாகும்.

தோற்றக் காலம்

பாத்திரமேற்பு விளையாட்டின் வேர் போர் விளையாட்டுகளில் உள்ளது. சிறு படைவீரர் பொம்மைகளை மேசைமேல் நிறுத்திப் பழம்போர்களை மீண்டும் ஆடிப் பார்க்கும் கழகங்கள் அமெரிக்காவில் பல இருந்தன. மினியாப்பொலிஸ் – செயின்ட் பால் இரட்டை நகரங்களில் இயங்கிய அத்தகைய வட்டமொன்றில், டேவிட் வெஸ்லி என்பார் 1969-இல் ஒரு மாற்றத்தைச் செய்தார். நெப்போலியன் காலத்தைச் சார்ந்த பிரான்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரைப் படைத்து, படைகளை நடத்துவோருக்கு மட்டுமன்றி ஊரின் தனி மனிதர்களாக இருப்போருக்கும் ஆட்டத்தில் இடம் தந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் இருந்தது. அவ்வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் 1971 முதல் பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டை அமைத்து, கோட்டைக்கு அடியிலுள்ள நிலவறைகளுக்குள் ஆட்டக்காரர்களை இறக்கினார். பின்னர் அவரும் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரினரான கேரி கைகாக்ஸும் இணைந்து உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக 1974-இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. முதற்பதிப்பு 1,000 படிகளே.

அந்நூல்களில் விதிகள் இருந்தன. ஆயத்தமான சாகசம் ஏதும் இல்லை. நடுவர் எழுதுகோலோடும் கட்டத்தாளோடும் அமர்ந்து தம் நிலவறையைத் தாமே வரைந்துகொள்ள வேண்டும் என்பதே நூலாசிரியர் கருத்து. சமைக்கத் தெரிந்தவருக்குச் சோற்றுப் பொட்டலம் எதற்கு என்று எண்ணினர் போலும். ஆனால் கைப்பக்குவம் வாராத புதியவர் எங்கும் பலர் இருந்தனர். நிலவறை என்றால் எப்படியிருக்கும் என்று காட்டும் ஓர் எடுத்துக்காட்டு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

1975-இல் வெளிவந்த ‘பிளாக்மூர்’ துணைநூலில் ஆர்னெசன் எழுதிய ‘தவளைக் கோயில்’ இடம்பெற்றது. அச்சில் வந்த தொடக்ககாலச் சாகசங்களுள் இது முதன்மையானது. மறு ஆண்டில், வீ வாரியர்ஸ் என்னும் சிறு வெளியீட்டகம் ‘பாலஸ் ஆப் த வேம்பயர் குயின்’ என்பதைத் தனி ஏடாகவே வெளியிட்டது. அதில் அறைகளின் விவரம் உரைநடையாக இல்லாமல் அட்டவணையாக இருந்தது. அறை எண், அதிலுள்ள விலங்கு, அதிலுள்ள செல்வம் என அவ்வட்டவணை சென்றது. கணக்குப் புத்தகம் போன்ற அவ்வமைப்பில் சுவை குறைவு. எனினும் எண்ணிட்ட வரைபடமும் அவ்வெண்களுக்குரிய குறிப்பும் என்னும் அடிப்படை முறை அதில் தெளிவாக நிலைபெற்றது. இன்றுவரை அம்முறை மாறவில்லை.

இல்லினாய் மாநிலத்தில் 1976-இல் தொடங்கப்பெற்ற ஜட்ஜஸ் கில்டு நிறுவனம் இதனை மேலும் ஒரு படி உயர்த்தியது. பாப் பிளெட்சா உருவாக்கிய பெருநகரமொன்றின் வரைபடம் நடுவருக்கு ஒன்றும் ஆட்டக்காரருக்கு ஒன்றுமாக இருவகையில் அமைந்தது. நடுவருடைய படத்தில் கடைகளும் தெருக்களும் குறிக்கப்பெற்றிருக்கும். ஆட்டக்காரர் படத்திலோ பெரும்பகுதி வெறுமையாக இருக்கும். நடந்து சென்று கண்டறிந்ததை அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். அறிவோர் அறிவதும் அறியாதோர் தேடுவதும் தாளின் அமைப்பிலேயே பிரிக்கப்பட்ட நிகழ்ச்சி இதுவாகும்.

போட்டி அரங்கு அளித்த கொடை

அச்சு ஏடுகளின் வடிவத்தைத் தீர்மானித்த மற்றொரு களம் போட்டி அரங்கு. விளையாட்டு மாநாடுகளில் பல குழுக்கள் ஒரே சாகசத்தைத் தனித்தனி மேசைகளில் ஆட, அவற்றுள் சிறந்த குழு தேர்ந்தெடுக்கப்படும். தேர்வு நேர்மையாக இருக்க வேண்டுமானால் எல்லா நடுவரும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். ஒரு மேசையில் ‘கதவுக்கருகே எண்ணெய்க் கறை உள்ளது’ என்று சொல்லி, மற்றொன்றில் சொல்லாமல் விட்டால் போட்டி போட்டியாகாது.

இத்தேவையிலிருந்து பல புதுமைகள் பிறந்தன. கைகாக்ஸ் 1975-இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கு அமைத்த ‘டூம் ஆப் ஹாரர்ஸ்’ 1978-இல் அச்சாயிற்று. படைவலிமையை நம்பிச் செல்வோரைப் பொறிகளால் வீழ்த்தும் கல்லறை அது. அதனோடு தனியாக ஒரு படத்தொகுப்பும் இணைக்கப்பட்டது. நடுவர் உரிய இடத்தில் உரிய படத்தை எடுத்துக் காட்டுவார். ஆட்டக்காரர் அப்படத்தை உற்றுநோக்கித் துப்பறிய வேண்டும். அதுவரை பக்கத்தை அழகுபடுத்திய ஓவியம், இங்கு ஆட்டத்தின் கருவியாகவே மாறிற்று.

அதே 1978-இல் ஒரிஜின்ஸ் போட்டிக்கெனப் பயன்பட்ட அரக்கர் வரிசைச் சாகசங்கள் மூன்றை டி.எஸ்.ஆர். விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் மேலட்டை ஏட்டோடு தைக்கப்படாமல் தனியே இருந்தது. அட்டையின் உட்புறத்தில் வரைபடம் நீலநிறத்தில் அச்சிடப்பட்டது. நடுவர் அட்டையை மேசைமேல் நிறுத்திவைத்தால் படம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். எதிரே இருப்போர் ஓவியத்தை மட்டுமே காண்பர். செலவு மிகாத எளிய ஏற்பாடு. ஆயினும் ஏட்டைப் படிப்பவர் ஆட்டத்தின் நடுவில் இருக்கிறார் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு.

போட்டி அரங்கின் மற்றொரு கொடை, கட்டமிட்ட பகுதி. ஆட்டக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டிய வருணனையைக் கட்டத்துக்குள்ளும், நடுவர் மட்டும் அறிய வேண்டியதைக் கட்டத்துக்கு வெளியேயும் அச்சிடும் முறை 1980-களின் தொடக்கத்தில் பெருவழக்காயிற்று. நாத்தடுமாறும் புதிய நடுவருக்கு இது ஊன்றுகோல் ஆயிற்று. எனினும் ஊன்றுகோலே சுமையாவதும் உண்டு. வருணனை நீண்டபோது கேட்போர் கொட்டாவி விட்டனர். அதனினும் பெருங்குறை, ‘நீங்கள் அஞ்சி நடுங்குகிறீர்கள்’ என்பது போன்ற தொடர்களை எழுதிய ஆசிரியர்கள், ஆட்டக்காரரின் உணர்வையும் தாமே தீர்மானிக்கத் தலைப்பட்டதாகும். முன்னுரையில் கூறிய வினா இங்குக் கூர்மை பெறுகிறது.

வெற்றிடம் விட்ட ஏடுகள்

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் முயற்சிகள் நடந்தன. மைக் கார் எழுதிய ‘இன் சர்ச் ஆப் த அன்னோன்’ என்னும் ஏடு 1978-இல் தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்தளிக்கப்பட்டது. அதில் அறைகள் விவரிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றில் எந்த விலங்கு உள்ளது, எச்செல்வம் உள்ளது என்னுமிடங்களில் கோடு மட்டுமே இருந்தது. ஏட்டின் இறுதியில் விலங்குகளின் பட்டியலும் செல்வங்களின் பட்டியலும் தரப்பட்டன. புதிய நடுவர் தாமே ஆராய்ந்து, எதனை எங்கு வைப்பது என்று முடிவுசெய்து கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். விடையைத் தந்துவிடாமல் பயிற்சியைத் தந்த இவ்வேடு, நடுவரை உருவாக்கும் பயிற்சிநூலாகவே அமைந்தது.

அதன்பின் தொடக்கநிலைப் பெட்டியில் இடம்பெற்றது கைகாக்ஸின் ‘த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’. 1979-இன் இறுதியில் வரத்தொடங்கிய இவ்வேடு பெட்டியோடு வந்தமையால் மிகப் பலர் கைகளை அடைந்தது. எல்லைப்புறக் கோட்டை ஒன்று. அதற்குச் சற்றுத் தொலைவில் குகைகள் நிறைந்த பள்ளத்தாக்கு ஒன்று. குகைதோறும் வெவ்வேறு குடியினர் வாழ்கின்றனர். அவர்களுக்குள் பகையும் உண்டு. எல்லாரோடும் போரிடலாம், ஒரு குடியோடு நட்புக்கொண்டு மற்றொன்றை வெல்லலாம். எக்குகையில் முதலில் நுழைவது என்பதும் ஆட்டக்காரர் விருப்பமே. நிகழ்ச்சிகளின் வரிசையைத் தராமல் சூழ்நிலையை மட்டும் தந்தார் ஆசிரியர். கோட்டையில் வாழ்வோர் பெரும்பாலும் கோட்டைத் தலைவர், கொல்லர், குரு எனத் தொழிலால் மட்டுமே குறிக்கப்பெற்றனர். பெயர்களை நடுவரே சூட்ட வேண்டும்.

வரைபடக் கலையில் தனியிடம் பெற்றவர் ஜெனெல் ஜாக்வேஸ். ஜட்ஜஸ் கில்டுக்காக அவர் 1979-இல் படைத்த ‘கேவர்ன்ஸ் ஆப் த்ரேசியா’, ‘டார்க் டவர்’ ஆகிய ஏடுகளின் நிலவறைகள் ஒற்றைவழிப் பாதைகளாக இல்லை. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பல படிகள், மறைவழிகள், சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேரும் பாதைகள் ஆகியன பின்னிக் கிடந்தன. ஆட்டக்காரரின் உரிமை இங்கு விதியில் எழுதப்படவில்லை, படத்தில் வரையப்பட்டிருந்தது. பிற்காலத்து வரைபட ஆசிரியர்கள் பலர் இவரைத் தம் முன்னோடியாகப் போற்றினர். 2024-ஆம் ஆண்டு சனவரியில் அவர் காலமானார்.

டேவிட் குக், டாம் மோல்ட்வே ஆகிய இருவரும் 1981-இல் எழுதிய ‘த ஐல் ஆப் டிரெட்’ இம்முறையை நிலவறையிலிருந்து திறந்தவெளிக்குக் கொண்டுசென்றது. அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பெற்ற ஒரு தீவு. ஆட்டக்காரர் கைக்குக் கிடைப்பதோ கரைக்கோடு மட்டுமே தெரியும் முற்றுப்பெறாத படம். எஞ்சியதை அவர்கள் நடந்தே நிரப்ப வேண்டும்.

கதையின் வருகையும் அதன் விலையும்

‘இந்த அரக்கன் இங்கு ஏன் இருக்கிறான்? இவனுக்கு ஒரு வாழ்வும் ஒரு துயரமும் இல்லையா?’ என்ற கேள்வி 1980-களில் எழுந்தது. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் 1983-இல் வெளியிட்ட ‘ரேவன்லாப்ட்’ 32 பக்கங்களில் அதற்கு விடை கண்டது. குருதி குடிக்கும் ஸ்திராட் பிரபு, காதலிலும் பொறாமையிலும் வீழ்ந்த ஒரு மனிதனாகவும் அதில் காட்சியளித்தான். கோட்டையின் வரைபடங்கள் முப்பரிமாணத் தோற்றத்தில் வரையப்பட்டன.

அவ்வேட்டின் நுட்பம் ஒரு சீட்டுக்கட்டில் இருந்தது. குறிசொல்லும் முதியவள் ஒருத்தி ஆட்டக்காரருக்குச் சீட்டு எடுத்துப் பலன் கூறுவாள். நடுவர் உண்மையாகவே சீட்டுகளை எடுப்பார். தெய்வ ஆற்றல் கொண்ட வாள் எங்குள்ளது, ஸ்திராட் எங்கே எதிர்ப்படுவான், அவனுடைய நோக்கம் யாது என்பவற்றை அச்சீட்டுகளே தீர்மானிக்கும். எனவே கதை உண்டு. ஆனால் அது முடிந்த முடிபாக இல்லை. குறி கேட்பது கதைக்குள் நிகழும் சடங்காகவும், ஏட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக்கும் பொறியாகவும் ஒருசேர அமைந்தது. 2016-இல் 256 பக்க நூலாக இக்கதை விரித்தெழுதப்பட்டபோதும் சீட்டுக்குறி கைவிடப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

‘ரேவன்லாப்ட்’ காட்டிய வழியில் 1984-இல் தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ ஏட்டு வரிசை, ஒரு பெருங்காவியத்தையே ஆடிமுடிக்க முனைந்தது. மாந்தர் முன்னரே படைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குப் பெயரும் உறவும் பழங்கதையும் இருந்தன. மார்கரெட் வெய்ஸும் டிரேசி ஹிக்மனும் அதே கதையைப் புதினமாகவும் எழுதினர். புதினம் பெருவெற்றி பெற்றது. ஆனால் காவியத்திற்கு முடிவு வேண்டும். முடிவுக்கு அம்மாந்தர் உயிரோடிருக்க வேண்டும். ஆதலின் முக்கிய மாந்தர் இறக்க நேர்ந்தால் உடல் கிடைக்காதவாறு மறைத்து, பின்னர் மீண்டும் வரச் செய்யுமாறு நடுவருக்கு அறிவுரை தரப்பட்டது. ஆட்டக்காரர் வேறு வழி நோக்கினால் பெரும்படை குறுக்கிட்டு அவர்களைக் கதையின் வழிக்குத் திருப்பியது.

இவ்வகை அமைப்பைத் தண்டவாளம் என்று ஆட்டக்காரர்கள் பழித்துரைத்தனர். பழிப்பில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று. அழுத்தமான கதை, நினைவில் நிற்கும் மாந்தர், நாட்டின் ஊழோடு பிணைந்த செயல் ஆகியவற்றைப் பலர் முதன்முதலில் கண்டது இவ்வேடுகளிலேதான். உரிமையைக் கொடுத்துக் கதையைப் பெற்றனர். அவ்விலை தகுமா என்பதே விவாதம். பரமபதப் படத்தில் பொன்முலாம் பூசினாலும் அது பரமபதமே என்றனர் ஒருசாரார். வழியற்ற காட்டில் அலைவதைவிட நல்வழியில் நடப்பது மேல் என்றனர் மறுசாரார்.

துப்பும் ஆவணமும்

இவ்விரு சாராருக்கும் இடையில் ஒரு வழியைக் கண்டது துப்பறியும் சாகசம். சாண்டி பீட்டர்சன் அமைத்து கேயாசியம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ‘கால் ஆப் கதுலு’ விளையாட்டில் வாள்வீரர்கள் தலைமை மாந்தர் அல்லர். பேராசிரியர்களும் செய்தியாளர்களும் நூலகத்தில் தேடுவோருமே தலைமை மாந்தர். அதற்கென லாரி டிடில்லியோ, லின் வில்லிஸ் ஆகியோர் 1984-இல் அளித்த ‘மாஸ்க்ஸ் ஆப் நயர்லதோடெப்’ இத்துறையின் தலையாய ஏடுகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

1925-இல் நியூயார்க்கு நகர விடுதியொன்றில் நண்பனான எழுத்தாளன் கொலையுண்டு கிடக்கிறான். அவன் அறையில் கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள், ஒரு தீப்பெட்டி முதலியன உள்ளன. இவற்றின் படிகள் ஏட்டோடு தரப்பட்டன. நடுவர் அவற்றை வெட்டி எடுத்து ஆட்டக்காரர் கையில் கொடுப்பார். தீப்பெட்டியில் சாங்காய் மதுக்கடை ஒன்றின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். மற்றத் தாள்கள் இலண்டனையும் கெய்ரோவையும் கென்யாவையும் சுட்டும். முதலில் எங்குச் செல்வது என்று நடுவர் கூறமாட்டார். தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஆட்டக்காரரே வாதிட்டு முடிவெடுப்பர்.

ஒவ்வோர் ஊரும் தனித்தனி அத்தியாயம். ஆனால் அத்தியாயங்களின் வரிசையைப் படிப்போர் அமைப்பர். சதிகாரரின் திட்டமும் நாளும் ஏட்டில் உறுதியாக உள்ளன. தலைமை மாந்தரின் வழி மட்டும் திறந்துள்ளது. பகைவருக்குத் திட்டம் எழுது, வீரருக்குத் திட்டம் எழுதாதே என்னும் நெறியை இவ்வேடு செயலில் காட்டியது.

ஒருவர் தனித்து ஆடும் ஏடுகளும் உடன் வளர்ந்தன. ரிக் லூமிஸ் 1976-இல் வெளியிட்ட ‘பபலோ காஸில்’ இதன் முன்னோடி. ஒவ்வொரு பத்தியின் ஈற்றிலும் தெரிவுகளைத் தந்து வேறு பத்திக்கு அனுப்பும் அம்முறை, ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் ஆகியோர் 1982-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ‘த வார்லாக் ஆப் பயர்டாப் மவுண்டன்’ வழியே மாணவர் உலகிலும் பரவிற்று. ஆனால் நடுவர் இல்லாத அங்கே, ஆசிரியர் எண்ணிப் பாராத செயலுக்கு இடமில்லை. உயிருள்ள நடுவரின் அருமை இவ்வொப்பீட்டால் விளங்கும்.

சுருக்கத்தின் காலம்

அதன்பின் ஏடுகள் தடித்தன. 1997-இல் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விசர்ட்ஸ் ஆப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000-இல் அது வெளியிட்ட திறந்த விளையாட்டு உரிமம், பிற வெளியீட்டாளரும் அவ்விதிகளைத் தழுவிச் சாகசம் எழுத வழிதிறந்தது. ஏடுகள் பெருகின, ஆனால் ஆட்டத்தின் நடுவே நீண்ட பத்திகளில் வேண்டிய செய்தியைத் தேடித் திணறும் நடுவரின் இடர் தீரவில்லை.

2009-இல் தொடங்கிய ஒற்றைப் பக்க நிலவறைப் போட்டி, முழுச் சாகசத்தையும் ஒரே தாளில் அடக்குமாறு கேட்டது. கேவின் நார்மனின் ‘ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ வரிசையில் 2019 முதல் வந்த ஏடுகளோ, அறைக்கு அறை தடித்த எழுத்தில் சில சொற்களும் அவற்றருகே சிறு விளக்கமும் மட்டும் தந்தன. அவற்றை ஒரு நோக்கில் கண்டுகொண்டு நடுவர் தம் சொந்த மொழியில் பேசலாம். கட்டமிட்ட பகுதி நடுவரின் வாயில் சொற்களை வைத்தது. புதிய முறை அவர் கண்ணில் பொருள்களை வைத்தது. சொல் அவருடையதே ஆயிற்று.

இக்காலத்தில் ஐரோப்பியக் கோட்டைகளை விட்டு வேறு மண்ணையும் ஏடுகள் நாடின. மலேசிய எழுத்தாளர் செடெக் சியூ, ஓவியர் முன் காவ் ஆகியோர், ஆயிரமாயிரம் தீவுகள் எனப் பொருள்படும் தலைப்பில், 2010-களின் இறுதியாண்டுகளில் சிற்றேடுகள் பலவற்றை வெளியிட்டனர். ஆறும் முதலையும் காடும் ஆற்றங்கரை மக்களும் கொண்ட தென்கிழக்காசிய உலகம் அவற்றில் விரிந்தது.

முடிவுரை

தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். அட்டவணை, இருவகை வரைபடம், படத்தொகுப்பு, கட்டமிட்ட பகுதி, கோடிட்ட வெற்றிடம், சீட்டுக்குறி, வெட்டியெடுக்கும் தாள், ஒற்றைப் பக்கம் ஆகிய இவையனைத்தும், எவ்வளவு சொல்வது, எவ்வளவு சொல்லாமல் விடுவது என்னும் ஒரே சிக்கலின் பல தீர்வுகள். மிகுதியாகச் சொன்ன ஏடு ஆட்டக்காரரைப் பார்வையாளராக்கியது. ஒன்றுமே சொல்லாத ஏடு நடுவரைத் தவிக்க விட்டது.

இச்சிக்கல் ஆசிரியப் பெருமக்களுக்குப் புதிதன்று. நாள் பாடத்திட்டமும் ஒருவகைச் சாகச ஏடே. நேரம், நோக்கம், படிநிலை அனைத்தும் அதில் உண்டு. ஆனால் மூன்றாம் வரிசை மாணவன் கேட்கப்போகும் கேள்வி அதில் இல்லை. அக்கேள்வியைத் தடையாகக் கருதுவதா, பாடத்தின் வாயிலாகக் கருதுவதா என்பதில்தான் வகுப்பின் உயிர் உள்ளது. திட்டமின்றி வகுப்பில் நுழைவதும் தவறு. திட்டத்தைத் தண்டவாளமாக்கி மாணவரை அதில் ஏற்றிவிடுவதும் தவறு.

எல்லைப்புறக் கோட்டையின் தலைவனுக்குக் கைகாக்ஸ் பெயர் வைக்கவில்லை. அவ்வேட்டை எடுத்து ஆடிய நடுவர்கள் தத்தம் மேசையில் அவனுக்கு ஒரு பெயரிட்டனர். ஒரு குரல் கொடுத்தனர். சிலர் அவனை நல்லவனாக்கினர், சிலர் தீயவனாக்கினர். ஆசிரியர் எழுதாமல் விட்ட அந்த ஒரு சொல்லில், படித்தவர் ஒவ்வொருவரும் படைப்பாளர் ஆயினர்.